கருவிக்குத் தெரியாத விரல்

என் மனைவியின் வலது கை ஆள்காட்டி விரல் அவள் கையில்தான் இருக்கிறது. நான் பார்க்கிறேன், அவள் பார்க்கிறாள், தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அலுவலர் அம்மாவும் பார்க்கிறார். கருவி மட்டும் விரலே இல்லை என்றது.

கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சோப்புப் பெட்டி அளவு, மேலே சின்னக் கண்ணாடி, ஓரத்தில் ஒரு விளக்கு. விரலைக் கண்ணாடியில் வைத்தால் விளக்கு பச்சையாக வேண்டும். அவளுக்குச் சிவப்பாகவே எரிந்தது. ஆள்காட்டி விரல் போனால் கட்டை விரல், வலது கை போனால் இடது கை என்று பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. இரண்டாம் தேதி வந்தோம், சிவப்பு. ஐந்தாம் தேதி வந்தோம், சிவப்பு. அன்று ஒன்பதாம் தேதி. எங்களுக்கு முன்னால் நின்ற எழுபது வயதுக் கிழவருக்குப் பச்சை, பின்னால் நின்ற கர்ப்பிணிக்குப் பச்சை. இவளுக்கு மட்டும் ஏன் இப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

இந்த விரல் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் போர் வந்தபோது, இந்த நாடு எங்களில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து "உனக்கு என்ன ஆபத்து, சாட்சி எங்கே" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் எங்கள் முறை வருவதற்குள் பத்து வருஷம் ஓடியிருக்கும். அந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே சட்டத்தில் ஒரே பாதுகாப்பு என்று அறிவித்தார்கள். அதற்குத் தற்காலிகப் பாதுகாப்பு என்று பெயர். ஆளுக்கு ஓர் அட்டை. அட்டை கையில் இருந்தால் தங்கலாம், வேலை செய்யலாம், மருத்துவரைப் பார்க்கலாம். ஒரு வருஷம் செல்லும். போர் முடியாவிட்டால் இன்னொரு வருஷம் நீட்டிப்பார்கள். நீட்டிக்கும்போது அட்டைக்காரர் இவர்தானா என்று கைரேகை பார்ப்பார்கள். என் அட்டையையும் மச்சினியின் அட்டையையும் போன மாதமே நீட்டித்துவிட்டார்கள். மனைவியின் அட்டை முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் பச்சை விளக்கு எரியாவிட்டால் கோப்பு நேரடி விசாரணைக்குப் போகும். விசாரணை முடிய மூன்று மாதம் பிடிக்கும், கூடவும் ஆகலாம். அதுவரை அட்டை செல்லாது. செல்லாத அட்டையை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட வேலைக்குப் போக முடியாது. எங்கள் மூன்று பேருக்கும் அடுப்பு எரிந்தது அவள் வேலையில்தான்.

இப்போது என்னைப் பற்றி. ஊரில் நான் எடை அளவு ஆய்வாளர். கடைத் தராசு, எடைக்கல், பெட்ரோல் பங்க் மீட்டர் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். இருபத்திரண்டு வருஷம் அதில் இருந்தேன். எங்களைப் போல வந்தவர்களைத் தங்க வைத்திருக்கும் விடுதியில் எல்லோரும் என்னைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பிடிக்கவும் செய்தது. எங்கள் துறையில் பயிற்சியின் முதல் நாளே மண்டையில் ஏற்றுகிற பாடம் ஒன்று உண்டு: கணக்கு இடித்தால் தட்டில் இருக்கும் பொருளைச் சந்தேகப்படாதே, தராசைச் சந்தேகப்படு. இந்தப் பாடம் என் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அதனால்தான் ஒன்பதாம் தேதி அந்தக் கூத்தை அடித்தேன்.

"இந்த மிஷினைக் கடைசியா எப்ப சோதிச்சாங்க? சோதிச்ச தேதி ஒட்டியிருக்கணுமே, எங்கே?" என்று கேட்டேன்.

அலுவலர் அம்மா பொறுமைசாலி. கருவி சரியாக இருக்கிறது, காலையிலிருந்து அறுபது பேருக்கு எடுத்திருக்கிறது என்றார். நான் விடவில்லை. கருவி அறுபது பேருக்குச் சரியாகக் காட்டிவிட்டு அறுபத்தோராவது ஆளுக்குத் தப்பாகக் காட்டலாம், நான் எத்தனையோ தராசில் பார்த்திருக்கிறேன் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். வரிசை நீண்டுகொண்டே போனது. மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து மெல்ல இழுத்தாள். "என்னங்க, போதும். வாங்க போலாம்" என்றாள். புகார்ப் புத்தகம் வேண்டும் என்றேன் நான்.

அவர் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். தன் கட்டை விரலை வைத்துக் காட்டினார். பச்சை. பிறகு கருவியை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே வைங்க சார்."

வைத்தேன். விரல் கண்ணாடியில் பட்டதும் பச்சை எரிந்தது. அவருடைய திரையில் ஓர் எண் வரும் போலிருக்கிறது, ரேகை எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று. அதைப் பார்த்து அவர் புருவத்தை உயர்த்தினார்.

"தொண்ணூத்தெட்டு. இன்னைக்கு வந்ததுலயே உங்க ரேகைதான் சார் ரொம்ப நல்லா இருக்கு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "தராசுன்னா சும்மாவா, வீட்டுல உக்காந்தே தொண்ணூத்தெட்டு வாங்கிட்டாரு" என்று ஒரு குரல் வந்தது. எங்கள் விடுதியிலேயே தங்கியிருக்கும் மூட்டை. ஊரில் வங்கி மேலாளராக இருந்தவர். இங்கே வந்த இரண்டாம் மாதமே பெரிய ஆஸ்பத்திரியின் கிடங்கில் சுமை தூக்கப் போய்விட்டார். மூட்டை என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான்.

தொண்ணூற்றெட்டு என்று கேட்ட அந்த ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் இருந்தது உண்மை. அலுவலர் அம்மா இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கடைசியாக ஒரு நேரம் எழுதிக் கொடுத்தார். தாளை வாங்கிக்கொள்ள மனைவி கையை நீட்டினாள். வாங்கியதும் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். வீடு வரும்வரை வெளியே எடுக்கவில்லை.

எங்களுக்கு விடுதியில் ஓர் அறை. இரண்டு கட்டில்கள், நடுவே ஒரு திரைத்துணி. திரைக்கு அந்தப் பக்கம் மச்சினி. அவள் காலையில் மொழி வகுப்புக்கும் மதியத்துக்கு மேல் ஒரு தையல் கடைக்குச் சம்பளமில்லாமல் தொழில் பழகவும் போகிறாள். அன்று நாங்கள் வந்தபோது அவளும் வந்துவிட்டாள். நான் மேசையில் ஒரு தாளை விரித்து, கருவி எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டுக்கொண்டிருந்தேன். எதையும் அதன் வேலை தெரிந்துகொண்டுதான் என்னால் யோசிக்க முடியும்.

அது இப்படி. கண்ணாடிக்குக் கீழே ஒரு விளக்கு சாய்வாக எரிகிறது. கண்ணாடிக்கு மேலே வெறும் காற்று இருந்தால், அந்தச் சாய்வில் வருகிற வெளிச்சம் வெளியே போகாமல் உள்ளேயே திரும்பிவிடும். விரலில் வரப்பும் வாய்க்காலுமாக ரேகை ஓடுகிறது இல்லையா? வரப்பு கண்ணாடியைத் தொடும். தொட்ட இடத்தில் வெளிச்சம் தோலுக்குள் போய்விடும், படத்தில் அது கறுப்பு. வாய்க்காலில் காற்று இருக்கும். அங்கே வெளிச்சம் திரும்பிவிடும், அது வெள்ளை. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்ததுதான் ரேகைப் படம். அப்படியானால் ஒரு விரல் படத்தில் விழவில்லை என்றால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். கருவி கெட்டிருக்க வேண்டும். அல்லது விரலில் வரப்பு இல்லாமல் போயிருக்க வேண்டும்.

கருவி கெடவில்லை. அதை என் விரலே சொல்லிவிட்டது.

ஊரை விட்டு வரும்போது நான் எடுத்துவந்த ஒரே உத்தியோகச் சாமான் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. தராசு முள்ளைப் பார்ப்பதற்காக வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மனைவியிடம் கையைக் காட்டச் சொன்னேன். அவள் காட்டவில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மச்சினி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா கையைப் பாக்க உங்களுக்கு லென்ஸ் எதுக்கு அத்தான்? தெனம் தட்டு வைக்கிற கைதானே."

"நீ சும்மா இருடி" என்றாள் மனைவி.

"நான் சும்மாதான் இருக்கேன், ஒரு வருஷமா."

நான் மனைவியின் கையைப் பிடித்து விளக்கடியில் விரித்தேன். கண்ணாடி தேவைப்படவில்லை. விரல் நுனிகள் வழுவழுவென்று, தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி இருந்தன. அங்கங்கே தோல் வெள்ளையாக உரிந்து, கட்டை விரல் மடிப்பில் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. உள்ளங்கையில் கம்பி கீறிய மெல்லிய கோடுகள். வரப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை.

அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. அவளும் பொய் ஒன்றும் சொல்லவில்லை, "பாத்திரப் பக்கம்" என்று ஒரு தடவை சொன்னாள். அங்கே பாத்திரம் கழுவுகிற பெரிய மிஷின் இருக்கிறது என்றும் சொன்னாள். உடனே எனக்குக் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. அந்த மிஷினில் சுடுதண்ணீர் எந்த அழுத்தத்தில் அடிக்கும், பாத்திரம் கழுவும் மருந்து எப்படிக் கொழுப்பைப் பிரிக்கும் என்று அவளுக்கு ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கினேன். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டும் டம்ளரும் மட்டும்தான் மிஷினுக்குள் போகும், நூறு பேருக்குச் சமைக்கிற அண்டா மிஷினுக்குள் நுழையாது என்பதை அவள் அன்று சொல்லவில்லை. மச்சினி இப்போது சொன்னாள். அண்டாக்களை எல்லாம் ஒரு தொட்டியில் போட்டு, காரமான மருந்துத் தண்ணீர் ஊற்றி, கம்பி நாரால் தேய்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது அண்டா. ஏழு மணி நேரம். அக்காதான்.

"ஏன் சொல்லல?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "நீங்க மிஷின் எப்படி ஓடுதுன்னு அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டு இருந்தீங்க. ஊரை விட்டு வந்தப்புறம் அன்னைக்குத்தான் உங்க மூஞ்சில சிரிப்பைப் பாத்தேன். அதைக் கெடுக்க வேணாம்னு இருந்துட்டேன்."

எனக்கும் இங்கே வேலை வராமல் இல்லை. அட்டை கொடுக்கும் அலுவலகத்திலிருந்தே இரண்டு முறை அனுப்பினார்கள். ஒன்று பார்சல் பிரிக்கிற வேலை, ஒன்று கிடங்கு வேலை. இரண்டையும் மறுத்தேன். நமக்குக் கொடுத்திருப்பதே தற்காலிகப் பாதுகாப்பு, சீக்கிரம் ஊருக்குத் திரும்பப் போகிறோம், முத்திரை குத்திய கையால் மூட்டை தூக்கினால் திரும்பிப் போய் எந்த முகத்தோடு நாற்காலியில் உட்காருவது என்று விடுதியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் சான்றிதழை ஏற்றுக்கொள்ளச் சொல்லி இந்த நாட்டு எடை அளவுத் துறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினோரு கடிதம். எழுதும்போது விரலில் மை படாமல் பார்த்துக்கொள்வேன். போர் எனக்குத் தற்காலிகம். அந்தத் தற்காலிகத்தின் ஒவ்வொரு நாளும் அவளுக்கு நாற்பது அண்டாவாக இருந்திருக்கிறது.

அந்தத் தொண்ணூற்றெட்டு என்ன என்று அப்போது எனக்கு விளங்கியது. ஒரு வருஷமாக எதையுமே தொடாத விரல் வேறு எப்படி இருக்கும்? வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது அங்கேயே விளங்கியிருக்கிறது. எனக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது.

உட்கார்ந்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, பத்தொன்பது நாள்தான் இருந்தது. கைரேகை மேல்தோலில் மட்டும் இருப்பதல்ல. அதன் அச்சு உள்தோலில் இருக்கிறது. மேல்தோல் தேய்ந்தால் உள்ளிருந்து புதுத் தோல் வளர்ந்து அதே அச்சில், அதே வரப்பும் வாய்க்காலுமாக மேலே வரும். இரண்டு மூன்று வாரம் போதும். அவளுக்கும் அது தினமும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வளர்கிற வேகத்தைவிடக் கம்பி நாரின் வேகம் அதிகம். ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான், தேய்ப்பதை நிறுத்துவது. லீவு கிடைக்குமா என்றால் கிடைக்காது. மூன்று நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள்.

"நாளைக்கு உன்கூட நானும் வர்றேன்" என்றேன்.

"எதுக்கு, மிஷின் பாக்கவா?" என்றாள் மச்சினி. அக்கா அவளை முறைத்தாள். எனக்கு அது வேண்டியதுதான்.

மறுநாள் காலை சமையலறை மேற்பார்வையாளர் முன்னால் நான் நின்றேன். மனைவி நடந்ததைச் சொன்னாள். கைரேகை விழாத விஷயத்தைச் சொன்னபோது தப்புச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் தரையைப் பார்த்தேன். மேற்பார்வையாளர் என் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அட்டை செல்லும், ஆளும் நிற்கிறான், தொட்டிக்கு இரண்டு கை வேண்டும், அது யாருடையதாக இருந்தால் தனக்கென்ன என்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முன்பு என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். மனைவி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டு, அரசாங்க ஆபீஸ் என்று மட்டும் சொன்னேன்.

முதல் நாள் அவள் தொட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்லிக்கொடுத்தாள். அடிப்பிடித்த அண்டாவை முதலில் தொடக் கூடாது, மருந்துத் தண்ணீர் ஊற்றி ஓரமாக வைத்துவிட்டு மற்றதைத் தேய்க்க வேண்டும். ஊறிய பிறகு அது தானாக விடும். மருந்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். அவள் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்து வைத்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கண்டுபிடித்த காரணங்கள். ஒரு வருஷமாக அதை ஒருவரிடமும் சொல்லிக்காட்டியதில்லை.

கையுறை இல்லையா என்று கேட்டேன். இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு, பெரியது. அவள் கைக்கு அது தொளதொளத்து, மணிக்கட்டுப் பக்கத்து மேல்வாயில் தண்ணீர் புகுந்து, உள்ளேயே மருந்துத் தண்ணீரில் விரல் ஊறும். போடாமல் இருப்பதைவிட அது மோசம் என்று கழற்றி வைத்துவிட்டாளாம். என் கைக்கு அது கச்சிதமாக இருந்தது. அதுவும் எனக்கு உறுத்தியது.

நான் பதினாறு அண்டா முடித்தபோது அவள் அந்த நேரத்துக்கு இருபது முடித்திருப்பாள். மீதியை முடிக்க ஷிஃப்டுக்கு மேல் இரண்டு மணி நேரம் நின்றேன். நடுவில் தள்ளுவண்டியில் மாவு மூட்டைகளோடு மூட்டை வந்தார். என்னைப் பார்த்து நின்றார். நேற்று வரிசையில் கேட்ட மாதிரி ஒன்று வரும் என்று காத்திருந்தேன், வந்தால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு அருகில் வந்தார்.

"இடுப்பை வளைச்சுத் தூக்காதீங்க. முழங்காலை மடக்கித் தூக்குங்க. இல்லேன்னா நாளைக்கு எந்திரிக்க முடியாது."

அவ்வளவுதான் சொன்னார். அவருடைய உண்மையான பெயர் என்ன என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்டேன், அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் வைத்த பெயர் அந்த அளவுக்கு அவர்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் அவள் கையில் தண்ணீர் படக் கூடாது என்பது சட்டமாயிற்று. மச்சினி கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தாள். அக்கா ஒரு டம்ளரைக் கழுவப் போனால்கூட, "அத்தான், உங்க ஆளு தொட்டிக்குப் போறா" என்று குரல் கொடுப்பாள். இரவு படுக்கும் முன் மனைவி விரல்களில் களிம்பு தடவிப் பருத்தி உறை மாட்டிக்கொள்வாள். ஐந்தாம் நாள் உரிந்த தோல் உதிர்ந்தது. ஒன்பதாம் நாள் உருப்பெருக்கியில் பார்த்தபோது வரப்புகள் மெல்லிய கோடாகத் தெரிந்தன, வட்டமாகச் சுழித்துக்கொண்டு. நான் அவளுக்கு அதைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு என் கையைத் திருப்பினாள். மணிக்கட்டில் மருந்து பட்டுச் சிவந்திருந்த இடத்தைத் தொட்டாள்.

"இதுக்கும் தடவுங்க" என்றாள்.

எனக்கு வேண்டாம் என்றேன். அந்த எரிச்சலை வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு அவளே தடவினாள்.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு அதே அலுவலர் அம்மா, அதே கருவி. நான் அன்று வாய் திறக்கவில்லை. சோதித்த தேதி எங்கே என்று பார்க்கவுமில்லை. மனைவி வலது ஆள்காட்டி விரலை வைத்தாள். விளக்கு ஒரு கணம் தயங்கிவிட்டுப் பச்சையானது. எண்ணைப் பார்த்த அலுவலர் அம்மா, அறுபத்தொன்று, ஐம்பதுக்கு மேல் இருந்தால் போதும் என்றார். அட்டை ஒரு வருஷத்துக்கு நீண்டது. அன்று நான் போட்ட கூச்சலுக்கு மன்னிப்புக் கேட்டேன். இதில் என்ன இருக்கிறது சார் என்றார் அவர். அவருக்கு ஒன்றுமில்லைதான்.

வெளியே வந்ததும், நாளையிலிருந்து தன் இடத்துக்குத் தானே போய்விடுவதாக மனைவி சொன்னாள். வேண்டாம் என்றேன். அடுத்த வருஷமும் இதே கருவிதான், இதே விரல்தான், போரும் முடிகிற மாதிரித் தெரியவில்லை. அன்று மதியமே மேற்பார்வையாளரிடம் போய்ப் பேசினேன்.

மிஷின் பக்கம் ஓர் ஆள் குறைவாக இருந்ததால் அவரும் ஒத்துக்கொண்டார். தீர்வு இதுதான். தட்டு, டம்ளரை மிஷினில் அடுக்குகிற இடம் அவளுக்கு. அங்கே விரல் மருந்தில் படாது. அண்டாத் தொட்டி எனக்கு. கையுறை என் கைக்குப் பொருந்துகிறது. அதற்குள் பருத்தி உறை ஒன்று போட்டு, மேல்வாயை இரண்டு மடிப்பு வெளிப்பக்கமாக மடித்து, கை கீழே தொங்கும்படி வைத்துத் தேய்த்தால் தண்ணீர் உள்ளே புகாது. இரண்டு பேருடைய ரேகையும் இருக்கும்.